டஸ்கனியின் தக்காளி பீன்ஸ்: வேகாமல் போவது ஏன், வேக வைப்பது எப்படி

கேள்வி: இத்தாலியில் பூண்டு, சேஜ் இலை, தக்காளி போட்டுச் செய்யும் வெள்ளை பீன்ஸை வீட்டில் செய்து பார்த்தேன். இரவு முழுக்க ஊறிய பீன்ஸைத் தக்காளியோடு சேர்த்து ஒரே பாத்திரத்தில் இரண்டு மணி நேரம் கொதிக்க விட்டும், கடித்தால் நடுவில் நறநறவென்று இருக்கிறது. தோல் மட்டும் கழன்று மிதக்கிறது. எங்கே தவறு? அளவோடு செய்முறை சொல்ல முடியுமா?

பதில்:

தக்காளியைப் போட்ட நேரம்தான் தவறு. சாம்பாருக்குப் பருப்பு குழைய வெந்த பிறகுதானே புளியைக் கரைத்து ஊற்றுகிறோம்? இங்கேயும் அதே கணக்கு. பீன்ஸின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பொருள். சூட்டில் அது கரைந்தால்தான் உள்ளே வெண்ணெய் போல இளகும். புளிப்பு சேர்ந்துவிட்டால் பெக்டின் கரைவது வெகுவாகக் குறைந்துவிடும். அதற்குப் பிறகு மணிக்கணக்கில் கொதித்தாலும் தோல் அடிபட்டுக் கிழியுமே தவிர நடு வேகாது. நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் இதிலிருந்து வந்தவைதான்.

ஃப்ளோரன்ஸிலும் அதைச் சுற்றியுள்ள டஸ்கனி மாநிலத்திலும் இதற்குப் பெயர் ஃபஜோலி அல்லுச்செல்லெத்தோ. பெல்லெக்ரீனோ அர்தூசி 1891இல் வெளியிட்ட சமையல் நூலிலேயே, ஃப்ளோரன்ஸின் சாப்பாட்டுக் கடைகளில் வழங்கும் பதார்த்தம் என்று இது இடம்பெற்றிருக்கிறது. ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க விடும் கூட்டு என்று இதை நினைத்துக்கொண்டால் சிக்கல்தான். இதில் இரண்டு சமையல் இருக்கிறது. பீன்ஸைத் தனியாக, அப்படியே எடுத்து உப்பும் எண்ணெயும் விட்டுச் சாப்பிடும் அளவுக்கு முழுதாக வேக வைப்பது முதல் சமையல். வெந்ததைத் தக்காளிச் சாற்றில் கால் மணி நேரம் ஊறக் கொதிக்க விடுவது இரண்டாவது. முதலாவதில் விட்ட குறையை இரண்டாவதில் சரி செய்யவே முடியாது.

நான்கு பேருக்கு வேண்டியவை: காய்ந்த வெள்ளை பீன்ஸ் 300 கிராம். ஆலிவ் எண்ணெய் 6 மேசைக்கரண்டி. பூண்டு 5 பல். பச்சை சேஜ் இலை 10 முதல் 12. தக்காளி 400 கிராம் (தோலுரித்த டின் தக்காளி என்றால் ஒரு டின்). உப்பு, புதிதாகப் பொடித்த மிளகு. விருப்பப்பட்டால் ஒரு காய்ந்த மிளகாய். வெங்காயம் கிடையாது. பலர் சேர்க்கிறார்கள், சேர்த்தால் இனிப்பு தூக்கி, டின்னில் வரும் ஆங்கிலேயர் பீன்ஸ் பக்கம் போய்விடும். சீஸும் வேண்டாம்.

பீன்ஸில் முதலாவது கன்னெல்லினி. நீளவாக்கில், வெள்ளையாக, தோல் மெல்லிதாக இருக்கும். டஸ்கனிக்காரர்கள் இதைவிட உயர்வாகச் சொல்வது பெஷ்யா ஊருக்கு அருகே விளையும் சொரானா பீன்ஸை. அரேட்ஸோ பக்கத்து இளமஞ்சள் நிற த்ஸொல்ஃபீனோவும் அந்த வரிசைதான். இரண்டும் விலை அதிகம், வெளியே கிடைப்பது அரிது. தக்காளியில் போட்டு அவற்றின் சுவையை மறைப்பதும் வீண். கிடைத்தால் வெறுமனே வேக வைத்து எண்ணெய் விட்டுச் சாப்பிடுங்கள். இந்தியக் கடைகளில் வெள்ளை ராஜ்மா என்று விற்பது கன்னெல்லினிக்கு நெருங்கிய உறவு, தாராளமாகப் பயன்படுத்தலாம். புள்ளி போட்ட சித்ரா ராஜ்மா, இத்தாலியர்கள் பாஸ்தாவோடு சேர்த்துச் சமைக்கும் பொர்லொத்தி வகைக்கு நெருக்கமானது. இதற்கும் ஒத்து வரும், நிறம் மட்டும் மங்கலாகும். கருஞ்சிவப்பு ராஜ்மா வேண்டாம். தோல் தடிமன், சுவையும் வேறு.

தட்டைப்பயறு ஆகுமா என்று கேட்டால், ஆகும். அதற்கு வரலாறும் துணை நிற்கிறது. கன்னெல்லினி, ராஜ்மா வகைகள் எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்கு வந்தன. அதற்கு முன் இத்தாலியர் பீன்ஸ் என்று சாப்பிட்டது கண் வைத்த பயறு வகையை, அதாவது நம் தட்டைப்பயறின் இனத்தைத்தான். உம்பிரியாவின் திரசிமேனோ ஏரிக்கரையில் அந்த இனத்தின் குட்டி வகை ஒன்றை இன்றும் பயிரிடுகிறார்கள். ஆனால் தட்டைப்பயறில் கன்னெல்லினியின் வழவழப்பு வராது, மண்வாசம் சற்றுத் தூக்கலாக இருக்கும். அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும் என்பதால் கண் வைத்துப் பாருங்கள்.

இனி ஊற வைப்பது. ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 20 கிராம் உப்பைக் கரைத்து (தூள் உப்பு நான்கு தேக்கரண்டி சுமார்) அதில் பீன்ஸை 10 முதல் 12 மணி நேரம் ஊற விடுங்கள். உப்பை முதலிலேயே போட்டால் பருப்பு வகை வேகாது என்று நம் வீடுகளிலும் சொல்வார்கள், இத்தாலியப் பாட்டிகளும் சொல்வார்கள். உண்மை நேர்மாறு. தோலை இறுக்கிப் பிடித்திருப்பவை அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும். உப்பிலுள்ள சோடியம் அவற்றில் ஒரு பகுதியை வெளியேற்றி அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. தோல் நெகிழ்ந்து, வேகும்போது உள்ளே உப்புகிற சதையோடு சேர்ந்து விரிகிறது. உப்பில்லாமல் ஊறிய பீன்ஸின் தோல் விரிய மாட்டாமல் வெடிக்கும். உங்களுக்குத் தோல் கழன்றதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். வெயில் காலத்தில் அறையில் 12 மணி நேரம் விட்டால் நுரைத்துப் புளித்துவிடும், குளிர்பெட்டியில் வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டி, பீன்ஸை ஒருமுறை அலசிக்கொள்ளுங்கள். சுருக்கம் விழுந்து, ஊறாமல் கல்லாகக் கிடப்பவற்றைப் பொறுக்கிப் போட்டுவிடுங்கள்.

வேக வைக்கும் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போர் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது தெரிந்ததுதான். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் அந்தக் கால்சியம், ஊறும்போது வெளியேற்றியதையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் இருந்தால் வடிகட்டிய குடிநீரைப் பயன்படுத்துங்கள். அதுவும் இல்லையென்றால் இரண்டு லிட்டருக்குக் கால் தேக்கரண்டி ஆப்ப சோடா. அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும், பீன்ஸும் கூழாகிவிடும்.

பெரிய, கனமான பாத்திரத்தில் பீன்ஸைப் போட்டு, அதற்கு மேல் நாலு விரல் உயரம் நிற்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். இந்த அளவுக்குச் சுமார் இரண்டு லிட்டர் பிடிக்கும். இரண்டு பல் பூண்டைத் தோலோடு தட்டிப் போடுங்கள். நாலைந்து சேஜ் இலை, ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், இரண்டு தேக்கரண்டி உப்பு. கொதி வந்ததும் நுரையை எடுத்துவிட்டு, முதல் 10 நிமிடம் நன்றாகத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். ராஜ்மா இன பீன்ஸில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் உண்டு. சிவப்பில் மிக அதிகம், வெள்ளையில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அரைகுறையாக வெந்ததைச் சாப்பிட்டால் சில மணி நேரத்துக்குள் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு. முழுக் கொதியில்தான் அது அழியும். மின்சார ஸ்லோ குக்கரில் வேகாத பீன்ஸை நேரடியாகப் போட்டு, கொதி வராத சூட்டில் மணிக்கணக்கில் வைப்பது ஆபத்து. அந்த இளஞ்சூட்டில் நச்சு அழியாது, சில சமயம் வீரியம் கூடவும் செய்யும்.

பத்து நிமிடம் ஆனதும் தீயைச் சுருக்குங்கள். மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் போதும். பழைய காலத்து டஸ்கனி வீடுகளில் பீன்ஸைக் கண்ணாடி ஒயின் குடுவையில் போட்டு, வாயை லேசாக அடைத்து, கணப்பின் தணலோரம் மணிக்கணக்கில் விட்டுவைப்பார்கள். குடுவை முறைக்கு இன்றும் பெயர் இருக்கிறது, ஃபஜோலி அல் ஃபியாஸ்கோ. அங்கே கொதி என்று ஒன்று பார்க்கவே கிடைக்காது. பீன்ஸ் ஒன்றோடொன்று மோதாததால் உடையாது, தோல் கழலாது. வீட்டு அடுப்பில் அதே பக்குவத்தைச் சிம்மில் கொண்டுவரலாம். மூடியை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாய்த்து மூடுங்கள். 45 நிமிடத்திலிருந்து பதம் பார்க்கத் தொடங்குங்கள். புதுப் பயிர் ஒரு மணி நேரத்துக்குள் வெந்துவிடும், பழசு ஒன்றரை மணியும் பிடிக்கும். தண்ணீர் குறைந்தால் சுடுதண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும்.

பதம் பார்க்க ஒன்றை மட்டும் எடுத்துக் கடித்துப் பயனில்லை. ஒரே பாத்திரத்தில் முந்தி வெந்ததும் பிந்தி வேகப்போவதும் கலந்தே இருக்கும். ஐந்தாறு எடுத்து, நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். எல்லாமே பல் படாமல் நசுங்க வேண்டும். ஒன்றில் மாவுத்தன்மை தட்டினாலும் இன்னும் கால் மணி நேரம். இத்தாலியச் சமையல் என்றாலே பல்லுக்குச் சற்று எதிர்ப்பு இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். அந்தச் சட்டம் பாஸ்தாவுக்கு, பீன்ஸுக்கு இல்லை.

வெந்ததும் அடுப்பை அணைத்து, அந்தத் தண்ணீரிலேயே அரை மணி நேரம் ஆற விடுங்கள். வெளியே எடுத்து வடிகட்டிக் காற்றுபட வைத்தால் தோல் உடனே சுருங்கி வெடிக்கும். ஆறும்போது உப்பும் உள்ளே இறங்கும். தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்.

குக்கரில் செய்பவர்களுக்கு: ஊறிய பீன்ஸுக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் (நுரை பொங்கி விசில் ஓட்டையை அடைக்காமல் இருக்க), குக்கர் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. முதல் விசில் வந்ததும் சிம்மில் 8 நிமிடம். ஆவி தானாக அடங்கும் வரை கை வைக்காதீர்கள். விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் உள்ளே இருக்கும் தண்ணீர் சட்டென்று கொந்தளித்துப் பாதி பீன்ஸ் சிதறிவிடும். குக்கரில் வெந்ததன் சுவை சற்று மட்டுதான் என்றாலும், தக்காளியில் போடும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

டின் பீன்ஸ் என்றால் 400 கிராம் டின் மூன்று. வடிகட்டினால் ஒவ்வொன்றிலும் சுமார் 240 கிராம் தேறும். 300 கிராம் காய்ந்த பீன்ஸ் வெந்து தரும் 700 கிராமுக்கு அது சரியாக இருக்கும். அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். உடையாமல் இருக்கச் சில நிறுவனங்கள் கால்சியம் குளோரைடு சேர்க்கின்றன, சீட்டில் போட்டிருக்கும். அந்த வகை தக்காளியில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் இளகாது. சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது சமையலுக்கு அகலமான, அடி கனத்த பாத்திரம் வேண்டும். டஸ்கனியில் மண்சட்டிதான் வழக்கம். உங்களிடம் பழகிய மண்சட்டி இருந்தால் அதையே எடுங்கள், சூட்டைச் சீராகக் கொடுக்கும். நாலு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயை ஊற்றி, மீதமுள்ள மூன்று பல் பூண்டைத் தட்டிப் போட்டு, சேஜ் இலைகளையும் சேர்த்து, குறைந்த தீயில் இரண்டு மூன்று நிமிடம். எண்ணெய் காயும் முன்பே இவற்றைப் போட்டுவிட வேண்டும். தாளிப்பு போல வெடிக்கக் கூடாது. சேஜின் மணம் எண்ணெயில் கரையக்கூடியது. மெல்லச் சூடேறும்போது அது எண்ணெயில் இறங்கி, அந்த எண்ணெய் வழியாகப் பீன்ஸ் முழுக்கப் பரவுகிறது. இலையைக் கடைசியில் கொத்தமல்லி தூவுவது போலத் தூவினால் இலையைக் கடிக்கும் வாய்க்கு மட்டும்தான் மணம். பூண்டு வெளிறிய பொன்னிறம் தாண்டிப் பழுப்பாகிவிட்டால் முழுச் சட்டியும் கசக்கும். எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே மேல்.

தக்காளியைக் கையால் பிசைந்து ஊற்றுங்கள். புதுத் தக்காளி என்றால் சதைப்பற்றுள்ள பெங்களூர் தக்காளி நல்லது. சுடுதண்ணீரில் அரை நிமிடம் போட்டுத் தோலுரித்து, விதையை வழித்துவிட்டு நறுக்குங்கள். நாட்டுத் தக்காளியில் தண்ணீரும் புளிப்பும் அதிகம், ஐந்து நிமிடம் கூடுதலாகச் சுண்ட விட்டு ஒரு சிட்டிகை சர்க்கரை போட வேண்டிவரும். கெட்ச்சப் எக்காரணம் கொண்டும் வேண்டாம். அரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்து 10 முதல் 12 நிமிடம், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும் வரை. பிரிவதற்கு முன் பீன்ஸைச் சேர்த்தால் பச்சைத் தக்காளி வாடை கடைசி வரை நிற்கும்.

இப்போது பீன்ஸைக் கண் கரண்டியால் அரித்தெடுத்துச் சட்டியில் சேருங்கள். வெந்த தண்ணீரில் ஒரு டம்ளர், அதாவது 150 முதல் 200 மில்லி ஊற்றுங்கள். அதில் கரைந்திருக்கும் மாவுச்சத்துதான் எண்ணெயையும் தக்காளியையும் பிரியவிடாமல் இழுத்துப் பிடித்துச் சாற்றுக்குத் திடம் தருவது. வெறும் தண்ணீர் ஊற்றினால் ரசத்தில் பீன்ஸ் மிதக்கும். சிம்மில் 15 நிமிடம். கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியைக் காதைப் பிடித்து ஆட்டிவிடுங்கள். சாறு இன்னும் நீர்த்திருந்தால் ஒரு கைப்பிடி பீன்ஸை ஓரத்தில் நசுக்கிக் கலந்துவிட்டால் போதும். மிளகைப் பொடித்துப் போட்டு இறக்கி, 10 நிமிடம் மூடி வையுங்கள். பரிமாறும்போது மீதமுள்ள ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைப் பச்சையாக மேலே விடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் கணக்குப் பார்த்தால் பதார்த்தம் கெடும். இதில் மசாலா கிடையாது, எண்ணெய்தான் மசாலா. இந்தியக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பொமேஸ் ஆலிவ் எண்ணெய் சுத்திகரிக்கப்பட்டது, மணம் கிட்டத்தட்ட இல்லை. நல்ல எக்ஸ்ட்ரா வெர்ஜின் கட்டுப்படியாகவில்லை என்றால், வதக்குவதற்குச் சூரியகாந்தியோ பொமேஸோ வைத்துக்கொண்டு, கடைசியில் பச்சையாக விட இரண்டு மேசைக்கரண்டி மட்டும் நல்லதாக வாங்குங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் மணம் சேஜை அமுக்கிவிடும்.

பச்சை சேஜ் கிடைக்காத இடத்தில் காய்ந்ததை அரைத் தேக்கரண்டி போடலாம். காய்ந்ததில் கற்பூர நெடி கூடுதல். ஒரு தேக்கரண்டி போட்டால் மருந்து குடிப்பது போல ஆகிவிடும். அதுவும் இல்லையென்றால் ரோஸ்மேரி ஒரு சிறு கொத்து. ஓமவல்லியைச் சிலர் போடுகிறார்கள். அதன் மணம் ஓமத்தின் பக்கம், சேஜின் பக்கம் அல்ல. துளசி, பேசில், ஆரிகனோ எதுவும் இங்கே வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் பீன்ஸ் வேகவில்லை என்றால் பீன்ஸ் பழசு. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே நடக்கும் மாற்றத்தில் அது வேகும் தன்மையை இழந்துவிடுகிறது. தோல் மங்கி, மஞ்சளித்து, வெடிப்பு விழுந்திருந்தால் வாங்காதீர்கள். வாங்கியதையும் காற்றுப் புகாமல் குளிர்ந்த இடத்தில் வைத்து ஓராண்டுக்குள் தீர்த்துவிடுங்கள். பழசும் புதுசும் கலந்து ஊற வைப்பது எல்லாவற்றையும்விட மோசம்.

இதற்குத் துணை, சுட்ட ரொட்டித் துண்டு. டஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள், அதனால் அங்கே பீன்ஸில் உப்பு தாராளம். உங்கள் ரொட்டியில் உப்பு இருந்தால் கடைசி உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இறைச்சி சாப்பிடுபவர்கள் நாலு பன்றி இறைச்சி சாசேஜை முதலில் அதே சட்டியில் சிவக்க வறுத்து எடுத்து, அந்தக் கொழுப்பிலேயே பூண்டும் சேஜும் போட்டு, பீன்ஸ் சேர்க்கும்போது அவற்றையும் திரும்பப் போடுவார்கள். அப்போது எண்ணெயைப் பாதியாக்கலாம்.

மீந்ததைக் குளிர்பெட்டியில் மூன்று நாள் வைக்கலாம். மறுநாள் களி போல இறுகியிருக்கும். எடுத்து வைத்த வேகத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிச் சூடாக்கினால் இளகிவிடும். அந்தத் தண்ணீர் அரை லிட்டருக்கு மேல் மிஞ்சினால், மீந்த பீன்ஸில் பாதியை மசித்து அதில் கரைத்து, கொதி வந்ததும் ஆளுக்கு 50 கிராம் குட்டிக் குழாய்ப் பாஸ்தாவைப் போட்டு வேக வையுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பாஸ்தா எ ஃபஜோலி ஆகிவிடும். பாஸ்தா மாவு விடும்போது அடி பிடிக்கும், அந்த எட்டு நிமிடம் மட்டும் கரண்டியை விடாதீர்கள்.